மூலமும் படியும்: போர்க்கள மறுநடிப்பில் பழந்துப்பாக்கிகள்

அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அம்மன்னனின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உண்டு. தொண்டைமானின் கருவிகள் மயிலிறகு சூட்டப்பெற்று, எண்ணெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த மாளிகையில் ஒளிர்ந்தன. அதியமானின் கருவிகளோ ஓயாத போரில் நுனி சிதைந்து, பழுது நீக்குவதற்காகக் கொல்லனின் சிறு கொட்டிலிற் கிடந்தன. புகழ்வதுபோற் பழித்த புலமைத் திறத்தையே நாம் இப்பாட்டில் வியந்து வந்திருக்கிறோம். வரலாறு பயில்வோர்க்கு இதில் மற்றுமொரு செய்தி உண்டு. அவ்விரு கொட்டில்களிலும் இருந்தவற்றுள் எவை நெடுநாள் எஞ்சியிருக்கக் கூடியவை? ஐயமின்றித் தொண்டைமானுடையவையே. உழைத்த கருவி தேய்ந்து மறைகிறது; உழையாத கருவி அழியாமல் நிற்கிறது. பின்வரும் தலைமுறை, நின்றதைக் கண்டு அதுவே வரலாறு என்று கொள்கிறது.

இவ்வுண்மை, இற்றை நாளில் எதிர்பாராத ஓரிடத்தில் பெரும் வழக்காக எழுந்துள்ளது. பழம்போர்களை அன்றைய உடையும் அன்றைய கருவியும் பூண்டு, அன்றைய களத்திலோ அதனை ஒத்த களத்திலோ மீண்டும் நடித்துக் காட்டும் வழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேரூன்றியிருக்கிறது. அந்நடிப்பில் கையேந்த வேண்டியது நூறாண்டு கடந்த மூலத் துப்பாக்கியையா, அதனைப் பார்த்து இன்று செய்த படியையா என்பதே வழக்கு. பொழுதுபோக்கினரின் பூசல் என இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் இவ்வழக்கின் நடுவே நிற்கும் துப்பாக்கி 1857இல் நம் நாட்டு வரலாற்றையே திருப்பிய துப்பாக்கி. ஆகலின் இந்தியர்க்கும் இவ்வழக்கில் பங்குண்டு.

மூலம், படி, போலி

ஏட்டுச் சுவடிகளோடு பழகிய தமிழர்க்கு மூலம் எது, படி எது என்று விளக்க வேண்டுவதில்லை. கறையானுக்கும் ஈரத்திற்கும் இரையாகும் ஓலையைக் காக்கும் வழி, அதனைப் படியெடுத்தலே. படி தாழ்ந்ததன்று, படியின்றேல் சங்க நூல்கள் நம் கைக்கு எட்டியிரா. ஆயினும் படியில் பிழை புகும், பாடபேதம் தோன்றும். அதனாற்றான் ஏடெழுதியோர் பலர், எழுதி முடித்த நாளையும் தம் பெயரையும் சுவடியின் இறுதியிற் குறித்து வைத்தனர். அக்குறிப்பு, 'இது படி, இன்னார் எழுதியது' என்று தன்னைத்தானே அறிவிக்கும். அக்குறிப்பை அழித்து, ஓலையைப் புகையூட்டிப் பழமை காட்டி, மூலம் என்று விற்றால் அது போலி. எனவே பிரிவு இரண்டன்று, மூன்று: மூலம், படி, போலி. துப்பாக்கி வழக்கில் எழும் குழப்பங்களுட் பெரும்பாலானவை, இம்மூன்றனுள் பின்னிரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் விளைவன.

மூலமே ஒரு படி

நாம் எடுத்துக்கொள்ளும் சான்று, இங்கிலாந்தின் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிள். 55 அங்குல நீளம். அதில் 39 அங்குலம் குழல். குழலின் வாய் 0.577 அங்குலம், எடை ஏறக்குறைய 4.3 கிலோ. குழலைக் கட்டையோடு பிணைக்கும் பூண்கள் மூன்று. குழலின் உட்புறத்தே மூன்று வரிகள் மெல்லச் சுழன்று செல்லும். 78 அங்குலத்திற்கு ஒரு முழுச்சுற்று. இவ்வரிகளே குண்டைச் சுழலச் செய்து குறி தவறாமல் செலுத்துவன. வரியற்ற பழைய மஸ்கெட் நூறு கஜத்திற்கப்பால் குறியை நம்பவியலாத கருவி. என்ஃபீல்டின் குறிக்காட்டியோ 900 கஜம் வரை அளவு குறிக்கப்பெற்றது. கருமருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டு, இரும்புத் திணிகோலால் கெட்டித்து, பின்புறத்தே கேப்பு எனப்படும் சிறு செப்பு மூடியைப் பொருத்திச் சுடுதல் வேண்டும்.

இத்துப்பாக்கியின் பிறப்பை நோக்கின், மூலம் என்று நாம் போற்றுவதே ஒரு படி என்பது புலனாகும். பிரிட்டானிய அரசு ஒரு மாதிரியை ஏற்று, அதற்கு முத்திரையிட்டுப் பாதுகாக்கும். பின்னர்ச் செய்யப்படும் ஒவ்வொரு துப்பாக்கியும் அந்த முத்திரை மாதிரியோடு ஒப்பிடப்பெற்றே ஏற்கப்படும். பர்மிங்காமிலும் இலண்டனிலும் இருந்த கைவினைஞர் உறுப்புகளை அரத்தால் அராவிப் பொருத்தினர். ஒருவர் செய்த பூட்டு மற்றொருவர் செய்த கட்டையில் அமராது. 1854இல் ஒரு குழு அமெரிக்கா சென்று ஸ்பிரிங்ஃபீல்டு முதலிய படைக்கலச் சாலைகளைக் கண்டது. அதன்பின் வெர்மான்ட் மாநிலத்து ராபின்ஸ் அண்டு லாரன்ஸ், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏம்ஸ் ஆகிய நிறுவனங்களின் பொறிகள் என்ஃபீல்டு ஆலைக்கு வந்தன. உறுப்புக்கு உறுப்பு மாற்றிப் பொருத்தத்தக்க துப்பாக்கிகள் அங்கே பொறிகளால் ஆக்கப்பட்டன. படியெடுக்கும் கலை அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது.

அடுத்த திருப்பம் 1861இல் நேர்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் வடவரும் தென்னவரும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு இங்கிலாந்தில் துப்பாக்கி வாங்கினர். தென்னவர்க்காக வாங்கியவர் காலெப் ஹியூஸ். போர் முடிவதற்குள் அந்நாட்டிற்குச் சென்ற என்ஃபீல்டு வகை ரைபிள்கள் ஏறக்குறைய 9 லட்சம் என மதிப்பிடுவர். வடவரின் வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பை வாங்க லாமோட் டூபான்ட் அவ்வாண்டே இங்கிலாந்து சென்றார். அவர் வாங்கியது இந்திய மண்ணில் விளைந்த வெடியுப்பு. அமெரிக்கக் களத்தில் எழுந்த புகையிலும் இந்தியாவின் பங்கு இருந்தது.

மறுநடிப்பும் படியின் வரவும்

போர் முடிந்தபின் அத்துப்பாக்கிகள் மலிந்தன. நியூயார்க்கின் பேனர்மன் போன்ற பெருவணிகர், எஞ்சிய படைக்கலங்களைக் குவியல் குவியலாக வாங்கி விலைப்பட்டியல் அச்சிட்டு விற்றனர். 1950இல் வடக்கு–தெற்குத் துப்பாக்கிப் போட்டிச் சங்கம் அமெரிக்காவில் தோன்றியபோது, அதன் உறுப்பினர் ஏந்தியவை பெரும்பாலும் பாட்டனார் காலத்து மூலங்களே. வேறு கருவி அன்று கிடைக்கவில்லை.

1961 ஜூலை மாதம், போரின் நூற்றாண்டு விழாவையொட்டி, வர்ஜீனியாவின் மனாசஸ் களத்தில் முதற்பெரும் மறுநடிப்பு நிகழ்ந்தது. மக்கள் திரண்டு கண்டனர். ஆயின் மெய்யாக மாந்தர் மாண்ட மண்ணில் மாள்வதுபோல் நடித்தல் தகுமோ என்ற குரலும் எழுந்தது. பின்னர் அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை, தன் காவலிலுள்ள களங்களில் எதிரெதிர் அணிகளாக நின்று போர் நடித்தலைத் தடை செய்தது. தடை களத்திற்குத்தான், நடிப்பிற்கன்று. அண்டையிலுள்ள வயல்களிலும் புல்வெளிகளிலும் அது வளர்ந்தது. நடிப்போர் பெருகியபோது மூலங்கள் போதவில்லை, விலையும் ஏறியது. அவ்விடத்தை நிரப்ப வந்தது படி. இத்தாலியின் பிரெஷியா நகரை அடுத்த துரோம்பியா பள்ளத்தாக்கு பன்னூறாண்டுகளாகத் துப்பாக்கிக் கம்மியரின் ஊர். அங்குள்ள பட்டறைகள் அமெரிக்க வணிகருக்காகப் பழங்கருவிகளின் படிகளைச் செய்யத் தொடங்கின.

இங்கேதான் தொண்டைமானின் கொட்டில் மீண்டும் நம் கண்முன் வருகிறது. தொடக்கத்தில் மிகுதியாகக் கிடைத்த ரைபிள் படிகளுள் ஒன்று, ரெமிங்டன் நிறுவனம் 1863ஆம் ஆண்டு மாதிரியாகச் செய்த, 'சுவாவ்' என்று பின்னாளில் பெயர்பெற்ற துப்பாக்கியின் படி. பித்தளைப் பூண்கள் மின்னும் அழகிய கருவி அது. அதன் மூலங்கள் ஏறக்குறைய 12,500 மட்டுமே செய்யப்பட்டன. அவை போர்க்களத்தில் வீரர்க்கு வழங்கப்பட்டமைக்கு உறுதியான சான்று இல்லை, கிடங்கிலேயே கிடந்தன. கிடங்கிற் கிடந்தமையால் புதுமை குன்றாமல் எஞ்சின. புதுமை குன்றாமல் எஞ்சியமையால் சேகரிப்போர் விரும்பினர். படியெடுப்போரும் அதனையே எடுத்தனர். அதன் விளைவு யாது? மெய்ப்போரில் ஏறத்தாழக் காணப்படாத ஒரு துப்பாக்கி, நடிப்புப் போரில் அணி அணியாகத் தோன்றியது. கண்டோர், போர் இவ்வாறே இருந்தது என்று நம்பினர். பின்னாளில் நுணுக்கம் பேணிய குழுக்கள் அப்படியை விலக்கின. படியின் முதற்பிழை அளவிலோ நிறத்திலோ நேர்வதன்று. எதனைப் படியெடுப்பது என்ற தேர்விலேயே நேர்வது. சிதைந்த ஏட்டை விட்டுச் சிதையாத ஏட்டை மட்டும் படியெடுத்தால் இலக்கிய வரலாறு எவ்வாறு கோணுமோ, அவ்வாறே இதுவும்.

படியின் பாடபேதங்கள்

அடுத்து வருவன சிறு பிழைகள். இத்தாலியப் படிகளை மூலத்தோடு ஒப்பிட்டோர் பலவற்றைக் காட்டுவர். கட்டை வேண்டியதனினும் பருமன். எண்ணெய் ஊட்டி மெருகேற்ற வேண்டிய மரத்தின்மேல் இக்கால வார்னிஷ் பூச்சு. குழலின் கருநீலம் மூலத்தினும் மிகக் கருமை. வரிகளின் சுழற்சி 78 அங்குலத்திற்கு மாறாகப் பலவற்றில் 48 அங்குலத்திற்கு ஒரு சுற்று. இவற்றோடு குழலின்மேல் செய்தோர் பெயரும், வரிசை எண்ணும், கருமருந்து மட்டுமே இடுக என்னும் எச்சரிக்கையும் பளிச்சென்று தெரியும். 1863இல் நிற்பதாக நடிக்கும் ஒருவனின் கையில் இவ்வெழுத்துகள் இருத்தல், நாடகத்தில் கர்ணன் கைக்கடிகாரம் கட்டி வருவதை ஒக்கும். நடிப்போர் இத்தகைய காலமுரணை 'ஃபார்ப்' என்ற ஏளனச் சொல்லால் குறிப்பர். அதனை நீக்கும் தொழிலும் உண்டு: கட்டையைச் செதுக்கி மெலிவித்தல், வார்னிஷைச் சுரண்டி ஆளிவிதை எண்ணெய் ஏற்றுதல், குழலின் நிறத்தை மாற்றுதல், எழுத்துகளை நீக்குதல்.

எல்லாப் படியும் குறையுடையதென்று கொள்ளற்க. பர்மிங்காமின் பார்க்கர்–ஹேல் நிறுவனம் 1970களில் என்ஃபீல்டு படிகளைச் செய்தபோது, மூலத்தைச் சரிபார்க்கப் பயன்பட்ட பழைய அளவுக்கருவிகளைத் துணைக்கொண்டது. மூன்று பூண் ரைபிளின் வரிகளை, பின்னே ஆழமாகவும் முன்னே ஆழம் குறைந்தும் செல்லுமாறு, மூலத்தில் உள்ளவாறே வெட்டியது. அவை குறி சுடும் போட்டிகளில் பெரும்பெயர் பெற்றன. மூலத்தை அணுகி அளந்த படி மூலத்தைப் போலவே நடந்துகொள்ளும் என்பதற்கு இது சான்று. படியின் தரம் கம்மியன் கையை மட்டும் பொறுத்ததன்று. அளப்பதற்கு ஒரு மூலம் சிதையாமல் இருப்பதையும் பொறுத்தது. என்ஃபீல்டு ஆலை 1988இல் மூடப்பட்டது. அங்கே பேணப்பட்ட மாதிரித் துப்பாக்கிகளின் பெருந்தொகுதி, பின்னர் லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பிற்கு வந்தது. படிகளெல்லாம் திரும்பிச் சென்று தம்மைச் சரிபார்த்துக்கொள்ளும் மூல ஏடு அத்தகைய இடத்தில் இருக்கிறது.

மூலத்தைச் சுடலாமா?

மூலத்தை ஏந்துவோர் கூறும் வாதம் வலிவற்றதன்று. அக்கருவியின் எடையும் சமனும், குதிரையை இழுக்கும்போது எழும் ஒலியும், பல கைகள் தேய்த்து வழவழப்பாக்கிய கட்டையும் படியில் வாரா. குறி சுடுவோர் சிலர், நன்கு பேணிய மூலக்குழல் பல படிகளை வெல்லும் என்றும் சொல்வர். துப்பாக்கி சுடுவதற்கென்றே பிறந்தது. சுடாத துப்பாக்கி பாடாத யாழ் என்பது அவர் கட்சி.

இதற்கு மறுமொழி மூன்று. முதலாவது, உயிர்க்காப்பு. அக்காலக் குழல் இரும்புத் தகட்டை உருட்டிப் பற்றவைத்து ஆக்கியது; படியின் குழல் இக்கால எஃகு. நூற்றறுபது ஆண்டுத் துரு எங்கே எவ்வளவு அரித்திருக்கிறது என்பதைக் கண்ணால் காண இயலாது. மேலும், பழந்துப்பாக்கி வெற்றாகத்தான் இருக்கும் என்று நம்புதலும் பிழை. 1863இல் கெட்டிஸ்பர்க் போருக்குப்பின் களத்திற் பொறுக்கிய 27,574 துப்பாக்கிகளுள் ஏறக்குறைய 24,000 மருந்து கெட்டித்த நிலையிலேயே இருந்தன எனவும், அவற்றுட் பாதியில் இரண்டு முறை கெட்டித்திருந்தது எனவும் கணக்குரைப்பர். அச்சத்தில் மனிதன் சுட்டோமா இல்லையா என்பதையும் மறந்து மீண்டும் மீண்டும் கெட்டித்திருக்கிறான். அதனாற்றான் மறுநடிப்பிற்கு முன் ஒவ்வொரு குழலிலும் திணிகோலை இட்டு, அடிவரை சென்று இரும்பிற்படும் கணீரென்ற ஒலியைக் கேட்டபின்னரே களத்திற்குள் விடுவர். நடிப்பின்போது குண்டும் இல்லை, தாளடைப்பும் இல்லை, திணிகோலை உருவுவதும் இல்லை, மருந்து மட்டுமே. இத்தனைக்குப் பின்னும் 1998இல் கெட்டிஸ்பர்க் 135ஆம் ஆண்டு நடிப்பில் ஒருவர் மெய்க்குண்டு பட்டுக் காயமுற்றார்.

இரண்டாவது, தேய்மானம். கருமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்த கலவை. அது எரிந்தபின் எஞ்சும் கசடு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். அன்றன்றே நீரூற்றிக் கழுவி உலர்த்தி எண்ணெயிட்டாலன்றிக் குழல் கெடும். கழுவுதலும் தேய்த்தலும் மெல்ல மெல்லக் குழலின் உட்புறத்தையே மாற்றிவிடும். உடைந்த உறுப்புக்கு மாற்றாகப் புதியது பொருத்தினால் மூலத்தில் ஒரு பங்கு குறைந்தது.

மூன்றாவதே தலையாயது. மூலம் கருவி மட்டுமன்று; சான்று. அதன்மேல் குத்திய முத்திரை, கட்டையிற் கீறிய ஒரு பெயரின் முதலெழுத்து, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த பூண், குழலுள் நின்ற கசடு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வரி. அவ்வரிகளைப் படிக்கும் முறைகள் இனியும் பெருகும். இன்று சுட்டுக் கழுவியவன், நாளை வருவோன் படிக்க வேண்டிய வரியை அழித்தவனாகிறான். தேசியப் பூங்காத் துறை தன் செயல்விளக்கங்களில் படிகளையே சுடுவித்து, காப்பகத்து மூலங்களைச் சுடாமல் வைப்பதன் காரணம் இதுவே.

1857: படி கற்பிப்பதும் மூலம் சொல்வதும்

நம் நாட்டுச் சான்றொன்றால் இதனை விளக்குவோம். என்ஃபீல்டின் தோட்டா, காகிதக் குழாயினுள் மருந்தும் குண்டும் வைத்துச் சுருட்டியது. குண்டைச் சூழ்ந்த காகிதத்தின்மேல் கொழுப்புப் பூச்சு உண்டு. சிப்பாய் அதன் நுனியைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலிற் கொட்டி, தோட்டாவைத் திருப்பிக் குண்டைக் காகிதத்தோடு வாயில் பொருத்தி, எஞ்சிய தாளைக் கிழித்தெறிந்து கெட்டிக்க வேண்டும். 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில், அக்கொழுப்பு பசுவினது, பன்றியினது என்ற செய்தி பரவியது. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே எழுந்தார். ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைவீரர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்க்கு நீட்டப்பட்டவை பழையவகைத் தோட்டாக்களே என்பர். ஐயம் அத்துணை ஆழமாக வேரூன்றிவிட்டது. மே 10 அன்று மீரட் பற்றியெரிந்தது.

அக்கொழுப்பு ஏன் வேண்டியிருந்தது? பூச்சில்லாத குண்டைச் சில முறை சுட்டால் குழலில் கசடு படிந்து, அடுத்த குண்டு உள்ளே இறங்காது. இந்நாட்டு வெயிலில் இவ்விடர் மிகுந்தமையால், பின்னர்க் குண்டின் பருமனையே 0.568 அங்குலத்திலிருந்து 0.55 அங்குலமாகக் குறைத்தனர். இதனை நூலிற் படித்தறிதல் வேறு. படியொன்றை ஏந்தி, அன்றைய முறைப்படி தோட்டா சுருட்டி, மெய்க்குண்டு இட்டு, இலக்கை நோக்கிச் சுட்டறிதல் வேறு. திணிகோல் இறங்க மறுக்கும் கணத்தில், கொழுப்பு ஒரு பொறித்தேவை என்பதும், அதிகாரிகள் அதனைப் பொறித்தேவையாக மட்டுமே கண்டனர் என்பதும் ஒருங்கே விளங்கும். இது படி கற்பிக்கும் பாடம். குண்டின்றி மருந்தை மட்டும் சுடும் மறுநடிப்பில் இப்பாடம் கிட்டாது என்பதையும் நோக்குக. கொழுப்பிட்ட குண்டு இல்லாத இடத்தில் 1857இன் முதற்சிக்கலே இல்லை.

மூலம் சொல்லும் செய்தி வேறொன்று. கிளர்ச்சி அடங்கியபின், இந்தியச் சிப்பாய்களின் கையில் தம் கருவிக்கு நிகரான கருவி இருத்தலாகாது என்று ஆட்சியாளர் துணிந்தனர். வங்கப் படையின் சிப்பாய்களுட் பெரும்பாலோர் வரியற்ற மஸ்கெட்டுகளோடு போரிட்டதையும், எதிரே ஆங்கிலேயர் என்ஃபீல்டோடு நின்றதையும் அவர் மறக்கவில்லை. 1857 ஜூலையில் ஃபதேபூரில் வென்ற ஹேவ்லாக், வெற்றிக்குரிய காரணங்களுள் ஒன்றாக என்ஃபீல்டு ரைபிளையே எண்ணினார். எனவே 1858, 1859ஆம் ஆண்டு மாதிரிகளாக இந்தியப் படைக்கென்று தனித் துப்பாக்கிகள் எழுந்தன. வெளித்தோற்றம் அதே என்ஃபீல்டு, அதே மூன்று பூண்கள், அதே பூட்டு. குழலுக்குள் மட்டும் வரிகள் இல்லை. 0.577 அங்குலத்திற்கு மாறாக 0.656 அங்குல வெறுங்குழல். 900 கஜக் குறிக்காட்டியின் இடத்தில் அசையாத எளிய கட்டையொன்று. தோளில் சார்த்தி அணிவகுத்து நிற்கும்போது வேறுபாடு தெரியாது, சுடும்போது தெரியும். ஓர் அரசு தன் படையை நம்பவில்லை என்பதற்கு இதனினும் சுருக்கமான ஆவணம் இல்லை. அது தாளில் எழுதப்பட்டதன்று. இரும்பின் உட்புறத்தே கடைந்தெடுக்கப்பட்டது. கடையில் விற்கும் என்ஃபீல்டு படிகள் 1853ஆம் ஆண்டு ரைபிளின் படிகள். அவை இச்செய்தியைச் சொல்லா. மூலம் ஒன்றைக் கையிலெடுத்துக் குழலின் வாயை அளந்தாலன்றி இது புலப்படாது.

போலியின் இடம்

இனிப் போலி. பெஷாவரை அடுத்த தர்ரா ஆதம் கேல் ஊரின் கம்மியர், எளிய கருவிகளைக்கொண்டு எத்துப்பாக்கியையும் படியெடுக்கும் திறத்தால் உலகப் புகழ் பெற்றவர்கள். அக்கைவினை இகழத்தக்கதன்று. ஆயின் அப்பகுதியில் விற்கும் பல துப்பாக்கிகளில் ஆங்கில அரச முத்திரையும் பொய்யாகக் குத்தப்பெற்றிருக்கும். விக்டோரியா அரசி 1901இல் மறைந்தார். அவர்தம் முதலெழுத்தான 'வி.ஆர்.' முத்திரையின் கீழ் அதற்குப் பிந்திய ஆண்டு இருக்கும். எழுத்து தலைகீழாகவும் நிற்கும். இலக்கணப் பிழையைக்கொண்டு இடைச்செருகலைக் காணும் பதிப்பாசிரியரைப் போல, அறிந்தோர் இவற்றைக் கண்டு ஒதுக்குவர். அறியாதோர் பொருள் இழப்பர்.

2003இல் அமெரிக்க வணிக நிறுவனங்கள் இரண்டு, காத்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனைக் கிடங்கில் நூறாண்டுக்கு மேலாகக் குவிந்திருந்த படைக்கலங்களை விலைக்கு வாங்கின. ஆங்கிலேய மஸ்கெட்டுகள், என்ஃபீல்டு, மார்ட்டினி–ஹென்றி ஆகியவற்றோடு நேபாளத்திலேயே செய்த கெஹேந்திரா ரைபிள்களும் அதில் இருந்தன. அவற்றைப் போலி என்று தள்ளுதல் அறியாமை. நேபாளம் தன் முத்திரையோடு தனக்கெனச் செய்துகொண்ட கருவிகள் நேபாள வரலாற்றின் மூலங்கள். எண்ணிறந்தவை ஒருங்கே சந்தைக்கு வந்து பல நாடுகளிற் சிதறின. ஒரே கிடங்கிற் கிடந்தபோது அவை ஒரு நூலகம். சிதறியபின் தனித்தனி ஏடுகள்.

நம் நாட்டுப் பட்டறைகளும் இவ்வணிகத்தில் உள்ளன. சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் 'பிரவுன் பெஸ்' முதலிய மஸ்கெட்டுகளின் படிகள் இந்தியாவிற் செய்யப்பட்டுக் கடல்கடந்து செல்கின்றன. அவற்றுட் பல, தீ உட்புகும் சிறுதுளை இடப்படாமல், சுடவியலாக் காட்சிப்பொருளாகவே அனுப்பப்படுகின்றன, வாங்குவோர் துளையிட்டுக்கொள்கின்றனர். மிகைமருந்திட்டு ஆய்ந்து முத்திரை குத்தும் வெடிச்சோதனை, 1813இல் தோன்றிய பர்மிங்காம் சோதனைச்சாலை போன்றவற்றில் நிகழ்வது. அவ்வாறு ஆயப்படாத குழல்களைச் சில நடிப்புக் குழுக்கள் ஏற்கின்றன, சில மறுக்கின்றன. விலை மலிவு என்பதனால் ஏற்போரை நாம் குறைகூறவில்லை. துளையிட்டவுடன் காட்சிப்பொருள் படைக்கலமாகிறது. அந்நொடியில் சோதனையும் கட்டாயமாக வேண்டும் என்பதே நம் கருத்து.

சட்டம் வகுத்த எல்லை

சட்டங்களும் இவ்வேறுபாட்டோடு மல்லாடுகின்றன. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கியையும், இக்காலத் தோட்டா ஏற்காத அதன் படியையும் ஒருங்கே பழம்பொருளாகக் கருதி விலக்களிக்கிறது. பிரிட்டனின் 1968ஆம் ஆண்டுச் சட்டமோ வேறு நெறி கொண்டது. பழந்துப்பாக்கியை அழகுப்பொருளாகச் சுவரில் மாட்டிவைப்போர்க்குச் சான்றிதழ் வேண்டா. அதனையே எடுத்துச் சுட நினைத்தால் வேண்டும். பொருள் மாறவில்லை, பயன் மாறியது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், பழுது நீக்கினாலும் சுடவியலாத பழம்பொருள்களுக்கே விலக்களிக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த பொருள்களைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புவதைத் தடுக்கிறது. ஆகவே நம் நாட்டிலிருந்து முறைப்படி கடல்கடக்கத் தக்கது படியே. மூலம் இங்கேயே இருத்தல் வேண்டும். அது நன்று.

தோற்றோரின் கருவிகள்

மூலங்கள் எல்லார்க்கும் ஒப்ப எஞ்சுவதில்லை. 1801இல் மருது பாண்டியரின் கிளர்ச்சியை ஒடுக்கியபின், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்களின் படைக்கலங்களைப் பறிக்கவும் ஆணையிட்டார். 1858இல் அவத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நாடெங்கும் நிலைநிறுத்தியது. வென்றோரின் என்ஃபீல்டு முத்திரையோடும் எண்ணோடும் காப்பகத்தில் உள்ளது; தோற்றோரின் நாட்டுத் துப்பாக்கி உலையிற் சென்றது. எனவே தோற்றோரை நடித்துக் காட்ட முனைவோர்க்குப் பெரும்பாலும் படியே புகல். அப்படிக்கு அளவு தர எஞ்சியுள்ள மூலங்களோ மிகச் சில. அச்சிலவற்றை எவரும் வேடிக்கைக்காகச் சுட்டுத் தேய்த்தல் எவ்வாறு தகும்?

ஆகவே நாம் காணும் முடிவு இது. களத்திற்குப் படி செல்க. காப்பகத்தில் மூலம் இருக்க. படியெடுப்போர், கிடங்கிற் பளபளக்கும் கருவியை மட்டுமன்றி, உழைத்துச் சிதைந்த கருவியையும் தேடி அளந்து எடுக்க. காலமுரண் தோன்றாவண்ணம் எழுத்துகளை நீக்க விழைவோர், குழலின் அடிப்புறத்தில், கட்டை மறைக்கும் இடத்தில், செய்தோர் பெயரையும் சோதனை முத்திரையையும் எண்ணையும் நிறுத்துக. நடிப்பைக் காண்போர் கண்ணுக்கு அவை தெரியா. நாளை அதனைக் கழற்றிப் பார்ப்போனுக்குத் தெரியும். ஏட்டின் இறுதியில் பெயரெழுதிய நம் முன்னோர் செய்ததும் அதுவே. நம் அருங்காட்சியகங்கள் தம்மிடமுள்ள பழந்துப்பாக்கிகளின் குழல் அளவையும் முத்திரைகளையும் கீறல்களையும் முறையாகப் பதிவுசெய்து வெளியிடுதல் இன்னும் இன்றியமையாதது. பதிவின்றேல் நல்ல படி இல்லை. நல்ல படி இல்லையேல் மூலத்தின்மீதே கை செல்லும்.

2007 மே மாதத்தில், 150ஆம் ஆண்டு நினைவாக, இளைஞர் பலர் மீரட்டிலிருந்து தில்லிச் செங்கோட்டை வரை நடந்து வந்தனர். மீரட்டில் எழுந்த சிப்பாய்கள் 1857இல் வந்ததும் அவ்வூரிலிருந்து அந்நகருக்கே. கோடையின் வெம்மையில் அத்தொலைவைக் கால்களால் அளத்தலும் ஒரு மறுநடிப்பே. அதற்குத் துப்பாக்கி வேண்டியிருக்கவில்லை. வேண்டும்போது படியை ஏந்துவோம். எஞ்சிய மூலங்களை, குழலை அளந்து வரிகளை எண்ணிப் பார்க்க வருவோர்க்காக விட்டுவைப்போம்.